முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்ற வண்டி

1. இரண்டு வாரம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து வீட்டுச் செல்லத்துரை அண்ணாச்சியைக் கண்ணாடி விரியன் கடித்தது. கணுக்காலில்.

2. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். எல்லா வண்டிகளும் கொரோனா நோயாளிகளோடு ஓடிக்கொண்டிருந்தன. எப்போது வரும்? சொல்ல முடியாது.

3. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை. கொரோனா வார்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

4. ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போன் செய்தால், "கொரோனா இல்லைன்னு சர்டிபிகேட் இருக்கா?" என்றார்கள். கடித்த பாம்பு அதைக் கேட்கவில்லை.

5. ஊரை விட்டு வெளியேற ஒரே வழி. அதை முள் போட்டு அடைத்திருந்தார்கள். யார்? நாங்களேதான்.

எங்கள் ஊர் முக்கூடலுக்குப் பக்கம், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. கொரோனா உள்ளே வரக் கூடாது என்று ஊர் கூடித் தீர்மானம் போட்டு, உடைமர முள்ளை வெட்டிக் குவித்து, மேலே ஒரு பனந்தடியையும் போட்டது. அந்தக் காவல் கமிட்டிக்குத் தலைவர் செல்லத்துரை அண்ணாச்சி. சரிந்த முள்ளைச் சரிசெய்யப் போனபோதுதான் கடி. கிருமிக்காகப் போட்ட முள்ளில் விரியன் குடித்தனம் நடத்தியிருக்கிறது!

முள்ளுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு வண்டி நின்றது. மேலப்பாளையம் காதர் பாயின் காய்கறி லோடு ஆட்டோ. தினமும் வருவார், உள்ளே விட மாட்டோம். அவர் ஊரிலிருந்துதான் நோய் பரவுகிறது என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை ஊரே நம்பியது. காய்கறி முள்ளைத் தாண்டி வரும். காசு மஞ்சள் தண்ணீர் வாளியில் விழும். அவ்வளவுதான் உறவு.

அண்ணாச்சியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தோம். "பாய், வண்டி தருவீங்களா?" என்று கத்தினேன்.

"தாரதென்ன தங்கச்சி, நானே வாரேன். மொதல்ல முள்ள எடுக்கச் சொல்லு!" அதற்குள் மூட்டைகளை ஓரம் தள்ளி இடம் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

காவலுக்கு நின்ற இசக்கி அசையவில்லை. "கமிட்டித் தலைவர் சொல்லாம வழியத் தொறக்கக் கூடாதுக்கா. தீர்மானம் இருக்கு."

நாற்காலியிலிருந்து ஒரு குரல் வெடித்தது. "ஏலே இசக்கி! தலைவரே நான்தாம்லே! பாம்பு கடிச்சவன்கிட்டயே தீர்மானம் வாசிக்கியா? பிரிச்சுப் போடுலே!"

அவ்வளவுதான்... ஊரே பாய்ந்தது. அடைக்க அரை நாள் பிடித்த முள் கண்ணெதிரே காணாமல் போனது. கையில் கீறல் இல்லாத ஆள் இல்லை.

என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். எது எங்கே உடையும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் சம்பளம். கயிறோடு ஓடி வந்தவரைத் தடுத்தேன் — கடித்த காலை இறுக்கிக் கட்டக் கூடாது, அசையாமல் வைத்தால் போதும். அண்ணாச்சியின் மனைவி பேச்சியக்கா அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். நான் முன்சீட்டில் இருந்து திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். விஷமுறிவு மருந்து இருக்கிறதா? பாம்புக்கடியையும் கொரோனா வரிசையில் நிறுத்துவீர்களா? எந்த வாசலுக்கு வர வேண்டும்?

"மருந்து இருக்கு. நிறுத்த மாட்டோம். பின்வாசலுக்கு வாங்க, ஸ்ட்ரெச்சரோட நிக்கேன்" என்றார் நர்ஸ். அன்று காலை முழுவதும் நான் கேட்ட முதல் நேரான பதில்!

வழியில் போலீஸ் தடுப்பு. "உள்ள என்னய்யா?"

"கத்திரிக்கா, தக்காளி, ஒரு அண்ணாச்சி, சார். பாம்பு கடிச்சிருக்கு."

எட்டிப் பார்த்த போலீஸ்காரர் தடுப்பை இழுத்துத் தள்ளிவிட்டு, பைக்கில் ஏறி எங்களுக்கு முன்னால் பறந்தார்.

"வே பாய், உம்ம வண்டிக்கு ஸ்பிரிங்கே கெடையாதா?" என்றார் அண்ணாச்சி பின்னாலிருந்து.

"இருந்துச்சு அண்ணாச்சி. ஒங்க முள்ளுகிட்ட வந்து வந்து திரும்பினதுலயே போயிட்டு."

பேச்சியக்கா அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் தெம்பு வந்தது. வாயடிக்கிறார் என்றால் நினைவு தப்பவில்லையே!

பின்வாசலில் நர்ஸ் சொன்னபடி நின்றார். மருந்து ஏறியது. சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, "நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க. பொழச்சுட்டார்" என்றார். பேச்சியக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அழாதிய மதினி, அல்லா காப்பாத்திட்டான்" என்ற காதர் பாயின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

ஜெயித்தோம். சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்று — நோய் வரும் வழியும் டாக்டரிடம் போகும் வழியும் ஒரே வழிதான். ஒன்றை மட்டும் எப்படி அடைப்பது? அடைத்தது நாங்கள், சரி... டாக்டர் இல்லாத சுகாதார நிலையத்தை அடைத்தது யார்?

இன்றைய நிலவரம்: அண்ணாச்சி வீட்டுக்கு வந்துவிட்டார், கால் வீக்கம் வடிகிறது. டாக்டர் கேட்டு ஊரே கையெழுத்துப் போட்டுக் கலெக்டருக்கு மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் டாக்டர் யாரும் வரவில்லை, நாங்கள் விடப் போவதுமில்லை. ஊரெல்லையில் இப்போது சோப்பும் தண்ணீரும் மட்டும்தான் இருக்கின்றன. காதர் பாயின் வண்டி தெருத்தெருவாக வருகிறது. பெண்கள் அவர் எதிரிலேயே வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.