தோமாஸ் அனுப்பிய நட்டு

காயல்பட்டினத்தில் ஜக்கரிய்யாவைக் கோபக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. ஓய்வு பெறும்வரை தூத்துக்குடித் துறைமுகத்தில் ஊரார் சரக்கையெல்லாம் கப்பலிலிருந்து இறக்கி, சுங்கத்தில் காட்டி, லாரியில் ஏற்றி அனுப்பிய மனிதர். எத்தனை அதிகாரிகள், எத்தனை எரிச்சல்! எல்லாவற்றையும் சிரித்தே கடந்தவர். அவர்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இல்யாஸ் வீட்டு வாசலில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டிருந்தார்.

"ஏலே இல்யாஸ்! கடல் தாண்டி வந்த சாமானை வீட்டுக்குள்ள காணோம்னு சொல்லுதியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

"நான் என்ன செய்ய காக்கா? துபாய்லருந்து பத்திரமாத்தான் கொண்டாந்தேன். அசந்து தூங்கிட்டேன். எந்திரிச்சுப் பாத்தா பெட்டி காலி."

வளைகுடாவிலிருந்து வருகிறவனின் பெட்டியை அந்த ஊரில் அவன் திறப்பதில்லை. வீட்டுப் பெண்கள் திறப்பார்கள். சோப்பு, அத்தர், பேரீச்சம்பழம், துணி எல்லாம் அன்று சாயங்காலத்துக்குள் பைபையாகப் பிரிந்து சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விடும். அதில் ஒன்று மட்டும் அன்பளிப்பு அல்ல என்று சொல்லாமல் தூங்கிப்போனான் இல்யாஸ்.

அவன் மனைவி ராஹிலாவின் குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. "வெல்வெட் துணில சுத்தி வெள்ளி கணக்கா மின்னுச்சு காக்கா. உசந்த சாமானாக்கும்னு நெனச்சு எந்தப் பையிலயோ வச்சுட்டேன்."

"எந்தப் பையிலம்மா?"

"அதுதான் நெனவில்ல காக்கா."

 ஜக்கரிய்யா தேடியது ஒரு காரின் சக்கர நட்டு.

மூடிப்போன ஒரு கப்பல் கம்பெனியின் குடோனில் கிடந்த பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரை அவர் வாங்கி வந்தபோது ஊர் சிரித்தது. இரண்டே பேர் உட்காரும் கார். கூரையும் கிடையாது. மனைவி ஷஃபீகா இன்றுவரை அதில் ஏறவில்லை. ஆனால் அந்தக் கார்தான் உலகத்தின் எங்கெங்கோ அவருக்கு மனிதர்களைச் சம்பாதித்துக் கொடுத்தது. மொம்பாசாவில் ஒரு பல் டாக்டரம்மா, ஒசாகாவில் ஒரு தச்சர், துபாயில் ஒரு அரபி. எல்லாரிடமும் அதே கார். எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குழு.

அவர்களில் தோமாஸ் வேறு மாதிரி. போர்த்துக்கல் கடற்கரை ஊரொன்றில், மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததேயில்லை. ஜக்கரிய்யாவின் உம்மா மௌத்தானபோது எல்லாரும் ஆறுதல் எழுதினார்கள். தோமாஸ் மட்டும் என்ன எழுதுவதென்று தெரியாமல், தன் கார் எஞ்சினை ஓடவிட்டு அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினார். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. அதைக் கேட்டுத்தான் ஜக்கரிய்யா முதன்முதலாக வாய்விட்டு அழுதார்.

போன ரமலானுக்கு முன்னால் ஒரு மெக்கானிக், செம்புச் சுத்தியலால் தட்ட வேண்டிய நட்டை இரும்புச் சுத்தியலால் அடித்து அதன் காதை உடைத்துவிட்டான். அந்தக் காரில் ஒவ்வொரு சக்கரத்தையும் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடித்திருக்கும். இரண்டு காதுகள் வைத்த கிண்ணம் போல இருக்கும். அது உடைந்ததும் கார் முடங்கியது. புதிதாக வாங்கத்தான் நினைத்தார். தோமாஸ் விடவில்லை.

"என் இதயம் சரியில்லை ஜக்கா. இனி நான் கார் ஓட்டக் கூடாதாம். என் கார் நட்டையே கழற்றி அனுப்புகிறேன். அதுவாவது உன் கடற்கரையில் ஓடட்டும். நான் பார்க்க வேண்டும்."

நட்டு முதலில் துபாய் அரபிக்குப் போய், அங்கிருந்து ஊருக்குக் கிளம்பிய இல்யாஸின் பெட்டியில் ஏறியது. திங்கட்கிழமை தோமாஸுக்கு அறுவைச் சிகிச்சை. ஞாயிறு மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கார் ஓடுவதை வீடியோவில் காட்டுவதாக வாக்கு. நட்டு எங்கே?

தேடவாவது முடிந்ததா? ஆண்கள் இல்லாத வீடுகளுக்குள் அவர் எப்படிப் போவார்? ஷஃபீகா உள்ளே போய் விசாரிக்க, அவர் முடுக்கில் நின்று பல்லைக் கடித்தார். ஒரு வீட்டில் அத்தர் குப்பியைக் காட்டினார்கள். இன்னொரு வீட்டில் டீ கொடுத்து, இல்யாஸ் வாப்பாவின் சுகரைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள்.

"ஏளா, விருந்துக்கா வந்திருக்க?" என்று வெளியிலிருந்து கத்தினார்.

"மூஞ்சில அடிச்ச மாதிரி எந்திரிச்சா வர முடியும்? மூச்சுக் காட்டாம நில்லுங்க!"

லுஹர் தொழுகை முடிந்து ஜஹ்ரா மாமியின் வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. சற்று நேரத்தில் ஷஃபீகா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்தாள். இடுக்கியில் நட்டு. நட்டுக்குள் கனிந்த கரி. கரியின் மேல் புகையும் சாம்பிராணி.

"யா அல்லாஹ்!"

"எதுக்கு இந்தக் கத்து கத்துதீங்க?" என்றாள் மாமி உள்ளிருந்து. "கனமா இருக்கு, சூடு தாங்குது. புடிச்சுத் தூக்க ரெண்டு காது வேற. நல்ல சாம்பிராணிச் சட்டி."

"மாமி, அது கார் சக்கரத்து நட்டு!"

"சக்கரத்துக்கு எவனாவது வெள்ளில நட்டு போடுவானா? யாருக்குக் காது குத்துதீங்க?"

ஜக்கரிய்யா கரியைக் கொட்டி, மணல் போட்டுத் தேய்த்து, திருகு மரையில் ஒட்டிய சாம்பிராணிப் பிசினை ஊசியால் சுரண்டி எடுத்தார். அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுதுவிட்டு ஓடிவந்து நட்டைப் பின்பக்க வலச்சக்கரத்தில் வைத்துத் திருகினார். ஏறவில்லை. மறுபடி திருகினார். ஏறவேயில்லை.

அப்போதுதான் புரிந்தது. ஓடும்போது கழன்றுவிடக் கூடாதென்று அந்தக் காரில் இடச்சக்கர மரை ஒரு திசையிலும் வலச்சக்கர மரை எதிர்த்திசையிலும் இறுகும். முன்பு ஜக்கரிய்யா நட்டில்லாத சக்கரத்தைப் படமெடுத்து அனுப்பியபோது பின்னணியில் ஸ்டீயரிங் தெரிந்தது. தோமாஸ் அதைப் பார்த்து, தன் காரில் ஸ்டீயரிங் இருக்கும் பக்கத்து நட்டைக் கழற்றியிருக்கிறார். அவர் ஊரில் ஸ்டீயரிங் இடப்பக்கம்!

ஜக்கரிய்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை அலைச்சலும் இதற்குத்தானா? கைபேசி அடித்தது.

திரையில் தோமாஸ். தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் இளைத்து, கண்கள் மட்டும் சிறுபிள்ளையைப் போல ஆவலாக.

"தயாரா ஜக்கா?"

 ஜக்கரிய்யா போனை ஷஃபீகாவின் கையில் கொடுத்தார். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். நட்டில்லாத வலச்சக்கரம் தரையில் நிற்க, பின்பக்கத்து இடச்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். அதன் நட்டைக் கழற்றிவிட்டுத் தோமாஸின் நட்டைத் திருகினார். அது சொந்த வீட்டுக்கு வந்தது போல இறுகியது. எஞ்சினைக் கிளப்பிக் கியர் போட்டார். தூக்கிய சக்கரம் மட்டும் காற்றில் சுற்றியது. இரண்டு காதுகளும் வட்டமாகக் கலந்து வெயிலில் மின்னின.

தோமாஸ் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "ஆனால், கார் போகவில்லையே?"

காலையிலிருந்து கத்தியும் தீராததெல்லாம் அப்போது உடைந்தது. ஜக்கரிய்யாவுக்கு இங்கிலீஷ் மறந்துபோனது.

"எப்படிவே போவும்? நீரு தப்பான பக்கத்தைக் கழட்டி அனுப்பிட்டு, போவலயான்னு கேக்கீரே! ஊரெல்லாம் அலைஞ்சேன். சாம்பிராணிச் சட்டிலருந்து புடுங்கிட்டு வந்தேன். நாளைக்கு நீரு ஆஸ்பத்திரில போய்ப் படுத்துக்கிடுவீரு. நான் யார்ட்டவே போய்க் கத்துவேன்?"

தோமாஸுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் அவர் கண்கள் கலங்கின.

ஜக்கரிய்யா சுற்றும் சக்கரத்தைக் காட்டினார். பிறகு காரின் வலப்பக்கத்தைக் காட்டினார். தெரிந்த இங்கிலீஷைத் தேடிப் பிடித்தார்.

"அதர் சைடு நட்டு, யுவர் கார். நோ பார்சல். நோ இல்யாஸ். யூ பிரிங். யூ கம்."

தோமாஸ் சிரிக்க முயன்றார், இருமினார், கையை மட்டும் உயர்த்தினார். யாரோ வந்து போனை வாங்கினார்கள். திரை அணைந்தது.

"பெட்ரோல் வீணாப் போவுது, அணைச்சிருங்களேன்," என்றாள் ஷஃபீகா மெதுவாக.

அவர் அணைக்கவில்லை. கைபேசியை எஞ்சின் பக்கம் நீட்டி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து தோமாஸுக்கு அனுப்பினார். லேசான சாம்பிராணி வாசத்தோடு, சக்கரம் இருந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.