நாடி இல்லாமல் ஏறிய மலை

ஆயுள் காப்பீடு விற்பது என் பிழைப்பு. கள்ளக்குறிச்சியில் வீடு வீடாகப் போய், அவர்கள் கொடுக்கும் காபியைக் குடித்துக்கொண்டே, நன்றாக இருக்கும் மனிதர்களிடம் "நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று கேட்பேன். பல வருஷமாக ஊரைக் கேட்டுக்கொண்டிருந்த இந்தக் கேள்வியை, ஐம்பதை நெருங்கும்போது என் உடம்பு என்னிடமே திருப்பிக் கேட்க ஆரம்பித்தது. ஏப்பம் வந்தால் நாமினி ஞாபகம் வருகிறது. இடது தோள் வலித்தால், முந்தின நாள் அரிசி மூட்டை தூக்கியது மறந்துபோய், பிரீமியம் கட்டியாகிவிட்டதா என்று யோசிக்கிறேன்.

இந்த லட்சணத்தில் எனக்கு மலையேறும் ஆசை வேறு. எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனாலே மேற்கே கல்வராயன் மலை தெரியும். பள்ளியில் என்னோடு படித்த இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் மருந்துக்கடை வைத்திருக்கிறான், இன்னொருவன் கணக்கு வாத்தியார். மாதத்தில் ஒரு ஞாயிறு மூவரும் மருந்துக்கடைக்காரனின் பழைய காரில் மலைக்குப் போய், ஏதாவது ஒரு பாதையில் நடந்து, ஏதாவது ஓர் அருவியில் குளித்துவிட்டு வருவோம். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களில் நான் ஒழுங்காகக் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்குத்தான் ஆபத்து வந்தது. போன வருஷம் வெயில் காலத்தில் ஓர் ஏற்றத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. பாறையில் மல்லாந்து படுத்து, "என் பொண்டாட்டிய பாத்துக்கங்கடா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்துத் திறந்தபோது, பலாப்பழம் ஏற்றிய வேனில் பழங்களுக்கு நடுவே கிடந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பலாப்பழம் என் மேல் உருண்டு வந்து நலம் விசாரித்தது. கீழே வந்ததும் டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மசால் வடை என்றேன். எத்தனை என்றார். அதை நான் எண்ணவில்லை. "கேஸ்" என்று சொல்லி ஒரு சிரப்பு எழுதிக் கொடுத்தார். அந்தச் சிரப்பையும் மருந்துக்கடைக்காரனிடம்தான் வாங்க வேண்டியிருந்தது.

"டேய், நாங்க மலைக்குப் போறது காத்து வாங்க. உன்ன தூக்கிக்கினு எறங்க இல்ல" என்றான் அவன், சிரப்பைக் குலுக்கிக்கொண்டே.

"இன்னொரு வாட்டி இப்புடி பண்ணினா உன்ன வுட்டுட்டு நாங்க ரெண்டு பேரு மட்டும் போவோம்" என்றார் வாத்தியார். வகுப்பில் பையனை வெளியே நிறுத்தும் அதே குரல். எனக்கு அவர் நண்பன்தான், ஆனால் அந்தக் குரலுக்கு 'ர்' போட்டே ஆகவேண்டும்.

கடைசியில் மருந்துக்கடைக்காரனே ஒரு வழி சொன்னான். "நெஞ்சு துடிப்ப பாத்துக்கினே இருக்கற வாட்ச் ஒண்ணு வாங்கிக் கட்டு. நம்பர் நல்லா இருந்தா வாய மூடிக்கினு நட. அவ்ளோதான்."

கடைசி வாய்ப்பு என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது.

அன்று தொடங்கிய ஆராய்ச்சியை நான் பத்தாம் வகுப்பில் செய்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன். சாப்பிடும்போதும் கடிகார வீடியோ, தூங்கும்போதும் கடிகார வீடியோ. காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிறது ஒன்று. வந்த வழியே திரும்பிப் போக அம்புக்குறி காட்டுகிறது இன்னொன்று. புயல் வருமுன் கூவுகிறது மற்றொன்று. தொடுதிரை நல்லதா, பொத்தான் நல்லதா என்று ஒரு வாரம் எனக்கும் எனக்கும் சண்டை. அருவியில் நனைந்த விரலின் பேச்சைத் தொடுதிரை கேட்காது என்று தெரிந்ததும் பொத்தான் ஜெயித்தது. வழிகாட்டியை ஓடவிட்டால் சில கடிகாரங்களுக்கு மத்தியானமே சார்ஜ் போய்விடும் என்று கேள்விப்பட்டு, நடுக்காட்டில் கடிகாரம் எனக்கு முன்பே உயிரை விடுவதாகக் கனவு கண்டேன்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்கு என் மனைவியும் கூட வந்தாள். நான் தனியாகப் போனால் கடையையே வாங்கிவிடுவேன் என்பது அவள் கணிப்பு. கடைப்பெண் நாலைந்து கடிகாரங்களைக் கண்ணாடி மேல் பரப்பினாள்.

"இது நூறு மீட்டர் ஆழத் தண்ணி வரைக்கும் தாங்கும் சார்."

"அவ்ளோ ஆழம் இங்க எங்க கீது?" என்றாள் என் மனைவி. "இவரு கோமுகி டேம்ல முட்டிக்கு மேல எறங்க மாட்டாரு."

"ஓட்டம், நீச்சல், சைக்கிள்னு எல்லா விளையாட்டும் இருக்குங்க மேடம். பனிச்சறுக்கு கூட இருக்கு."

பனிச்சறுக்கு! கடிகாரத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளை மலையில் ஒரு குட்டி மனிதன் சர்ரென்று இறங்கினான். நான் வாழ்க்கையில் சறுக்கியது ஒரே ஒரு தடவை, தண்ணீர் பாய்ச்சிய கரும்புத் தோட்டத்து வரப்பில். இருந்தாலும் அந்தக் குட்டி மனிதனை மறுபடி மறுபடி சறுக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைப்பெண் இன்னொரு கடிகாரத்தின் முதுகைக் காட்டி என்னவோ விளக்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க, கண்ணாடி போடாம இந்த எழுத்த படிங்க" என்று என் முகத்துக்கு நேரே ஒரு கடிகாரத்தை நீட்டினாள் மனைவி. படிக்க முடியவில்லை. இன்னொன்றை நீட்டினாள். முடியவில்லை. மூன்றாவதில் எண்கள் பஸ் போர்டு மாதிரி தெரிந்தன. நாலு பொத்தான், அதில் ஒன்று ஆரஞ்சு நிறம். அதை அமுக்கிப் பிடித்தால் கைபேசி வழியாக வீட்டுக்கு ஆபத்துச் செய்தி போகுமாம். சார்ஜும் ஜாஸ்தி நேரம் நிற்கும், வழியும் காட்டும்.

"இதையே குடும்மா" என்றாள். என் ஒரு மாத ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

அடுத்த ஞாயிறு வரை கடிகாரம் பிரமாதமாக வேலை செய்தது. உட்கார்ந்தால் எழுபத்திரண்டு, மாடி ஏறினால் நூறு. வாடிக்கையாளர் "பாலிசிய சரண்டர் பண்ணிக்கிறேன் சார்" என்றபோது நூற்றுப் பதினெட்டு. எனக்கு அதன் மேல் பக்தியே வந்துவிட்டது.

ஞாயிறு காலை இட்லி தின்றுகொண்டிருந்தபோது மனைவி கோயிலிலிருந்து கயிறுகளோடு வந்தாள். ஒரு கயிறு அல்ல. மாரியம்மன் கோயிலில் மஞ்சள், ஐயனார் கோயிலில் கறுப்பு, யாரோ திருவண்ணாமலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சிவப்பு. "கைய குடுங்க." ஆம்பளைக்கு வலது கையில்தான் கட்டுவார்கள். என் வலது கை சட்னியில் இருந்தது. இடது கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்றையும் முறுக்கி, நல்ல தடிமனாக, அந்த மணிக்கட்டிலேயே கட்டினாள். "அதுவா அறுந்து வுழற வரைக்கும் கழட்டக் கூடாது." கையைக் கழுவிவிட்டு, சாமி கயிற்றைத் தள்ளுவது தப்பு என்று அதன் மேலேயே கடிகாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு காரில் ஏறினேன். கடவுளும் விஞ்ஞானமும் ஒரே கையில். இனி எனக்கு என்ன பயம்?

மலைமேல் கரியாலூரில் டீ குடிக்க நிறுத்தினோம். நல்ல குளிர்ந்த காற்று. மருந்துக்கடைக்காரன் வடை வாங்கினான். என்னிடம் நீட்டவில்லை.

"இன்னாடா சொல்லுது உன் டாக்டரு?" என்றார் வாத்தியார்.

பெருமையாகக் கையைத் திருப்பினேன். நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும் மனிதனுக்கு நூற்றுத் தொண்ணூற்று மூன்று! சட்டென்று கையை மடக்கிக்கொண்டேன். "எழுபத்தஞ்சு" என்றேன். ஐயோ என்றால் இன்றோடு ஞாயிறு போச்சு. ஐயோ என்று சொல்லாவிட்டால் ஆளே போச்சு. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

பாதை ஏற ஆரம்பித்தது. இரு பக்கமும் சாமை வயல், அப்புறம் புதர், அப்புறம் காடு. அவர்கள் முன்னால் பேசிக்கொண்டு போக, நான் பின்னால், மரம் மறைக்கும் இடத்தில் எல்லாம் கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தேன். ஐம்பது. நூற்று எண்பது. நாற்பது. ஒரு திருப்பத்தில் எண்ணே இல்லை. எண் இருந்த இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள்.

நாடி இல்லை.

நாடி இல்லாத மனிதன் என்ன செய்யவேண்டும் என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. கையைக் கிள்ளிப் பார்த்தேன், வலித்தது. ஆனால் செத்தவுடன் வலிக்காது என்று யார் வந்து சொன்னார்கள்? பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. உயிரோடு இருந்தபோதும் வந்ததில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. எந்தப் பொருள் மக்கர் பண்ணினாலும் ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைத்து மறுபடி போடுவது என் வைத்தியம். கண்ணில் பட்ட பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். கடிகாரம் மூன்று முறை அதிர்ந்தது. கோடுகள் அப்படியே இருந்தன.

தலையில் பலாப்பழத்தோடு ஒரு மலைக்காரப் பெண் என்னைத் தாண்டிப் போனாள். "இன்னா சார், மூஞ்சி வெளுத்துப் போச்சே?" என்றாள்.

"பவுடர்" என்றேன்.

இப்படியாக நாடி இல்லாமலேயே மலை ஏறினேன். அதில் ஒரு வசதியும் இருந்தது. செத்துப்போனவனுக்கு மூச்சு வாங்குவதைப் பற்றி என்ன கவலை? கால் தானாக நடந்தது. பாதியில் வாத்தியார் திரும்பிப் பார்த்து, "பரவாயில்லயே, சத்தமே காணோம்!" என்றார். புன்னகைத்தேன். என் வாடிக்கையாளர்களில் எவனாவது என் மனைவியிடம் வந்து "நாமினி நீங்கதானே?" என்று என்னைப் போலவே விசாரித்து, காபி கேட்பானோ என்று நினைத்துக்கொண்டே புன்னகைத்தேன்.

மேலே ஒரு மொட்டைப் பாறை. அருவிச் சத்தம் கேட்கும் தூரம். அங்கே மட்டும் சிக்னல் கிடைக்கும். மருந்துக்கடைக்காரன் கொய்யாக்காய் நறுக்க ஆரம்பித்தான். என் பையில் கைபேசி 'டிங்' என்றது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் வாத்தியாரின் கைபேசி அலறியது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே! அவரு இருக்காரா?" என் மனைவியின் குரல்.

"இருக்கான்மா. இங்க தான் கொய்யாக்கா துன்னுக்கினு கீறான்."

"ஆபத்துன்னு மெசேஜு வந்து கீது அண்ணே. மேப்பு வேற வந்து கீது!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அமுக்கிய பொத்தான் என்ன நிறம் என்று இப்போது பார்த்தேன். ஆரஞ்சு.

இனி மறைக்க ஒன்றுமில்லை. கொய்யாக்காயைக் கீழே வைத்தேன். "எனக்கு நாடி இல்லடா. டீக்கடையிலேருந்தே சரியில்ல. நீங்க வுட்டுட்டுப் போயிடுவீங்கன்னுதான் சொல்லல."

மருந்துக்கடைக்காரன் கத்தியைப் போட்டுவிட்டு என் வலது கையைப் பிடித்து விரலை வைத்தான். அவன் முகம்தான் வெளுத்திருந்தது. கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தான். "குதிர மாதிரி ஓடுது. இது நாடி இல்லாம இன்னாது?"

"அண்ணே, வாட்ச எங்க கட்டி கீறாரு?" என்றது கைபேசி.

"கையிலதான்மா."

"கயித்து மேலயா, தோல் மேலயா?"

வாத்தியார் என் இடது கையைத் தூக்கி, கடிகாரத்தின் கீழே எட்டிப் பார்த்தார். வியர்வையில் ஊறி, மஞ்சளும் சிவப்பும் கறுப்புமாக, தாம்புக் கயிறு போல உப்பியிருந்தன மூன்று கயிறுகளும். கடிகாரம் காலையிலிருந்து மாரியம்மனுக்கும் ஐயனாருக்கும் நாடி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"கயித்து மேல" என்றார்.

"தோல்ல ஒட்டிக்கினு இருந்தாதான் துடிப்பு தெரியும்னு அந்தக் கடைப் பொண்ணு படிச்சுப் படிச்சு சொன்னா அண்ணே. இவரு பனியில சறுக்கிக்கினு இருந்தாரு!"

மறுமுனையில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கயித்த கழட்டிடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வாத்தியார் கடிகாரத்தைக் கழற்றி என் வலது மணிக்கட்டில், வெறும் தோலில் கட்டினார். மூவரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்து பார்த்தோம். கோடு, கோடு, அப்புறம் தொண்ணூற்றாறு.

சிரித்தார்கள். பாறையில் புரண்டு சிரித்தார்கள். நான் காத்துக்கொண்டிருந்தேன். தீர்ப்பு இன்னும் வரவில்லையே.

"வாய மூடிக்கினு நடன்னு சொன்னோம்" என்றார் வாத்தியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "செத்துட்டோம்னு நெனச்சிக்கினே வாய மூடிக்கினு ஏறி வந்துட்டான்டா இவன். இவன எப்புடி வுட்டுட்டுப் போறது?"

மருந்துக்கடைக்காரன் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தான். "நெசமாவே எதுனா ஆயிருந்தா? எங்கிட்ட சொல்லமாட்டியாடா நீ?" என்றான். கோபமாகத்தான் சொன்னான். பிறகு, "இனிமே தோணிச்சுன்னா சொல்லு. கேஸா இருந்தாலும் சொல்லு. தூக்கிக்கினு எறங்கறோம், போ" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். கரியாலூர் வடை. எனக்கென்று ஒன்று எடுத்து வைத்திருந்திருக்கிறான்.

அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. கயிறு இன்னும் அறுந்து விழவில்லை. அதனால் இடது கை கடவுளுக்கு, வலது கை கடிகாரத்துக்கு. நான் பிசைந்து சாப்பிடுகிற ஆள், ரசம் மணிக்கட்டு வரை வரும். நூறு மீட்டர் ஆழத்தில் தாங்கும் என்று அந்தப் பெண் எந்தக் கடிகாரத்தைச் சொன்னாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை, நான் அப்போது சறுக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் இது ரசத்தில் இதுவரை தாங்குகிறது.