சூட்டு மீட்டரும் அஞ்சலையின் தண்ணீர் டின்னும்

குழந்தைவேலு அண்ணன் காலமாகிவிட்டார் என்ற செய்தி, ஜாசினிலிருந்து வந்த பஸ் கண்டக்டர் வழியாகத்தான் மலாக்கா பாச்சாங்கில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. காய்ச்சல் என்றார். ஜாசின் கார் ஸ்டாண்டில் அவருடைய வாடகைக் காருக்குப் பக்கத்தில் என் காரை நிறுத்திப் பிழைத்தவன் நான். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்லது எல்லாம் அவர் பக்கம்தான் இருக்கிறது.

அவருடைய கார் பழையது. செர்காம் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குச் செம்மண் மேட்டில் ஏறினால் ரேடியேட்டர் கொதித்துவிடும். அங்கே தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் குடியிருந்த அஞ்சலை என்ற பால்மரம் வெட்டும் பெண் ஒரு டின்னில் தண்ணீர் கொண்டுவருவார். நாங்கள் எல்லாரும் செய்ததையே அண்ணனும் செய்தார். டின்னைத் தரையில் வைக்கச் சொல்லி, அஞ்சலை விலகிய பிறகு எடுத்துக் காருக்கு ஊற்றுவார். காருக்கு அந்தத் தண்ணீர் ஆகும். சாதி பார்த்த எங்கள் தொண்டைக்கு ஆகாது.

பயணிகள் முன்னால் கார் கொதித்து நிற்பது மானக்கேடு என்று அண்ணன் ஒரு சூட்டு மீட்டர் வாங்க முடிவு செய்தார். ரேடியேட்டர் மூடி மேலேயே திருகி வைக்கும் கண்ணாடி மீட்டர் அப்போது பெரிய மோஸ்தர். நான் அதைத்தான் வாங்கச் சொன்னேன்.

"அது வேணாம்லா. செவப்பு ஏறுனா பின்னால உக்காந்திருக்கிறவனுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார்.

ஸ்டியரிங் பக்கத்தில் பொருத்தும் வட்ட மீட்டரை மலாக்காவில் வாங்கிவந்தார். அதன் செப்புக்குழாய் முனையைக் காப்பிக்கடைக் கெண்டியில் விட்டு, தண்ணீர் கொதிக்கும்போது முள் சரியான எண்ணுக்கு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டியரிங் முன்னாலிருந்த பலகையில் ஓட்டை போட்டார். அந்த மெல்லிய குழாய் மடங்கினால் மீட்டர் செத்துவிடும் என்று அதைக் கைக்குழந்தையைத் தூக்குவது போல் எஞ்சின் வரை கொண்டுபோனார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் பொறுமை இல்லை.

அதன்பின் ஒருநாள் லயத்தருகே முள் ஏறுவதைப் பார்த்து, கொதிக்கும் முன்பே நிறுத்தினார். அஞ்சலை டின்னைத் தரையில் வைத்துவிட்டு மீட்டரை எட்டிப் பார்த்தாராம்.

"காருக்குத் தாகம்னா இது சொல்லிடுது. உங்களுக்குத் தாகம்னா யாருங்கய்யா சொல்லுவாங்க? ஒதடு காஞ்சி கெடக்கு" என்றாராம்.

"அந்தப் பொண்ணு கிண்டல் பண்ணலடா. நெசமாத்தான் கேட்டுச்சு. மூஞ்சிய எங்க வச்சிக்கிறதுன்னே எனக்குத் தெரியல" என்று அண்ணன் என்னிடம் சொன்னார்.

அடுத்த முறை முள் ஏறவே இல்லை. இருந்தும் லயத்தில் நிறுத்தி, "தங்கச்சி, எனக்குத் தண்ணி குடு" என்று கேட்டு, அஞ்சலை கையால் வாங்கிக் குடித்தார். ஸ்டாண்டுக்கு வந்து மறைக்காமல் சொன்னார். மறுநாளே எங்கள் தண்ணீர்ப் பானையருகே இருந்த அவருடைய குவளையைத் தனியாக ஒதுக்கினோம். ஒதுக்கிய கை என்னுடையது. அவர் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவரத் தொடங்கினார். கடைசிவரை அப்படித்தான் குடித்தார்.

அவரை எடுக்கும் அன்று அஞ்சலை அதே டின்னில் தண்ணீருடன் வந்திருந்தார். "அண்ணனக் குளிப்பாட்டுற தண்ணியில இதையும் சேத்துக்குங்க" என்று கேட்டார். உறவுக்காரர் ஒருவர், "அங்கயே நில்லும்மா" என்று வாசலிலேயே தடுத்துவிட்டார். ஸ்டாண்டுக்காரர்கள் நாங்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றோம். நினைக்க நினைக்கக் கூசுகிறது.

அஞ்சலை திரும்பி, சாலையோரம் நின்ற அண்ணனுடைய காரிடம் போனார். "ஐயா, இந்த மூடியக் கழட்டி விடுங்க" என்று என்னைக் கேட்டார். கழற்றினேன். அவரே ஊற்றுவார் என்று நினைத்தேன். அவரோ வழக்கம்போல டின்னைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றார். கையில் கொடுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம்.

போய் வாருங்கள், அண்ணே. உங்கள் தங்கச்சி கொண்டுவந்த தண்ணீரை உங்கள் காருக்கு ஊற்றிவிட்டேன். தரையிலிருந்து எடுத்துத்தான் ஊற்றினேன்.