சாட்சி சொல்லிவிட்ட பிறகு

கர்த்தரை மட்டும் நோக்கிப் பார்க்க வேண்டும் என்று யாராவது என்னிடம் சாந்தமாக எடுத்துச் சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அவிசுவாசி இல்லை. போன வாரமும் சபைக்குப் போனேன், வருகிற வாரமும் போவேன். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு என் மகளின் கையை வேகவைத்தவள் நான். கோபப்பட எனக்கு உரிமை உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் கிணத்துக்கடவில் குடியிருந்தோம். நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் மெக்கானிக், கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் சபையில் முகம் காட்டுகிறவர். ஒரே மகளுக்கு எட்டு வயது. ஆறு வயதிலேயே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. கோயமுத்தூரில் ஒரு நரம்பு டாக்டர் காலையும் மாலையும் மாத்திரை எழுதிக்கொடுத்து, ஒரு வேளைகூட விடக்கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். நாங்களும் விடவில்லை. வாரத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்த வலிப்பு இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று குறைந்தது. ஆனால் அடியோடு நிற்கவில்லை, எனக்கோ அடியோடு நிற்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமைதோறும் சபைப் பெண்கள் நாலு பேர் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வருவார்கள். அவர்களுக்குத் தலைவி சபை மூப்பரின் மனைவி. நன்றாகப் பாடுவார், நன்றாக அழுவார், நான் போடும் காபியைத் தவறாமல் குறை சொல்வார். ஒரு நாள் ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தவர், அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க சிஸ்டர், ஒரு கண்ணைக் கர்த்தரு மேல வெச்சுப்போட்டு இன்னொரு கண்ணை மாத்திரை மேல வெச்சா எப்புடீங்க அற்புதம் நடக்கும்? அவரை மட்டும் பாருங்க."

சொன்னவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். அதைக் கழற்றிவிட்டுக் கர்த்தரை மட்டும் பாருங்கள் என்று அவரிடம் திருப்பிச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். என் விசுவாசத்தில்தான் ஓட்டை என்று நாலு பேர் முடிவு கட்டிவிட்டால், ஐந்தாவதாக நானும் அதை நம்பிவிடுகிற புத்திதான் எனக்கு அப்போது இருந்தது. மறுநாள் காலையிலிருந்து மாத்திரை கொடுப்பதை நிறுத்தினேன்.

வீட்டுக்காரர் சத்தம் போட்டார். "மாத்திரை குடுத்தா உங்க கர்த்தரு கோவிச்சுட்டு ஊட்டை உட்டுப் போயிருவாரா?" என்றார்.

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க, செத்த சும்மா இருங்க" என்று அவர் வாயை அடைத்தேன். அவருக்குத்தான் புரிந்திருந்தது.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. நாலாவது ஞாயிறு, பாட்டு முடிந்ததும் போதகர் வழக்கம்போல, "சாட்சி உள்ளவங்க எழும்பலாம்" என்றார். எங்கள் சபையில் கடவுள் செய்த நன்மையை எல்லாரும் கேட்க எழுந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்துக்கொள்வது நன்றிகெட்டதனம். நான் எழுந்தேன். மகளை பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தி, மருந்தில்லாமல் இவளுக்குப் பூரண சுகம் கிடைத்துவிட்டது என்று அறிவித்தேன். சபையே கைதட்டியது. மூப்பரின் மனைவி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். பதினோரு வருடமாக மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவளை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது, இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

புதன்கிழமை காலை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் கையிலிருந்த இட்லித் துண்டு கீழே விழுந்தது. விரல்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கண் ஒரு பக்கமாகப் போய்த் திரும்பியது. கால் நிமிஷம்தான் இருக்கும். என்ன என்று எனக்குத் தெரியும். மாத்திரை அட்டை அலமாரியில்தான் இருந்தது, கையை நீட்டினால் போதும். நான் நீட்டவில்லை. சாட்சி சொல்லிப்போட்டோமே, இனி எப்படிக் கொடுப்பது என்று நின்றேன். வீட்டுக்காரரிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சோற்றுக்கஞ்சியை வடித்துக்கொண்டிருந்தேன். தலை பின்னச் சொல்லிச் சீப்போடு வந்தவள் அப்படியே முறுக்கிக்கொண்டு பாத்திரத்தின்மேல் சாய்ந்தாள். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்து வந்துவிட்டது. வலிப்பு தெளிந்த பிறகுதான் அவள் கத்தினாள். அந்தக் கத்தலை நான் யாருக்கும் விவரிக்கப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப்போட்டு, மாத்திரையையும் மறுபடி தொடங்கி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே மூப்பரின் மனைவி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கட்டுப்போட்ட கையைப் பார்த்து அழுதார், ஜெபித்தார். போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சிஸ்டர், புள்ள அடுப்புல தவறி உழுந்துருச்சுன்னு மட்டும் சொல்லுங்க. வலிப்புன்னு சபையில வாய் தொறந்துபோடாதீங்க. புதுசா வர்றவங்க விசுவாசத்துல இடறிப்போவாங்க. கர்த்தரு பேரு கெட்டுப்போயிருமுங்க."

"அவரு பேருங்களா, உங்க பேருங்களா?" என்று கேட்டேன். ஆரஞ்சுகளை எடுத்து அவர் பையிலேயே திணித்து அனுப்பினேன்.

உள்ளே வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தேன். ஜெபம் என்றா சொல்வது, சண்டை. நீ சொன்னாயா மாத்திரையை நிறுத்து என்று? சொல்லவில்லை என்றால் ஏன் தடுக்கவில்லை? குழந்தையின் கையைக் கொடுத்துத்தான் எனக்குப் பாடம் நடத்துவாயா, அப்படியொரு வாத்தியாரா நீ? பதில் எதுவும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை, நானும் கேட்பதை விடவில்லை. திட்டித் தீர்த்து ஓய்ந்தபோது ஒன்று மட்டும் உறைத்தது. அந்த ஒரு மாதத்தில் அன்றைக்குத்தான் கர்த்தரிடம் நேராகப் பேசியிருக்கிறேன். மற்ற நாட்களிலெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தது சபையின் முகங்களை. கையை நீட்டவிடாமல் என்னைப் பிடித்து வைத்ததும் அந்த முகங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காலை மாத்திரையை வேண்டுமென்றே வீட்டில் கொடுக்காமல் பையில் எடுத்துப்போனேன். சாட்சி நேரத்தில் முதல் ஆளாக எழுந்தேன்.

"போன தடவை நான் சொன்ன சாட்சி சரியில்லைங்க. புள்ளைக்கு மறுபடியும் வலிப்பு வந்துருச்சு. மாத்திரையை நிறுத்துனது விசுவாசமில்லைங்க, பயம். நீங்க என்ன நெனப்பீங்களோங்கற பயம். கர்த்தரைப் பாருங்கன்னு சொன்னீங்க. இனிமே அவரை மட்டுந்தான் பாக்கப்போறேன். உங்களைப் பாக்கறதா இல்லைங்க."

சாட்சி முடிந்ததும் எல்லாரும் சொல்லும் ஸ்தோத்திரத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லை. போதகர் அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். முன்வரிசையில் மூப்பரின் மனைவி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நான் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கவே அட்டையைப் பிரித்து மாத்திரையை மகளின் நல்ல கையில் வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

அவள் உடனே வாயில் போட்டுக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் செய்வதுபோல மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"இயேசப்பா, இதைக் குடுத்ததுக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

சத்தமாக ஆமென் சொன்னேன். அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் சொல்லவில்லை.