சந்தனப் பொட்டு வச்ச நம்பர் பூட்டு

இன்னைக்குக் காலையில எங்க வாசக்கதவுக்கு நம்பர் அமுக்கித் திறக்கிற ஸ்மார்ட் லாக் மாட்டினேன். கதவைச் சாத்தினாலே தானாப் பூட்டிக்கிற மாதிரி செட் பண்ணிட்டு, எப்படி வேலை செய்யுதுன்னு காட்ட அப்பாவை வெளியே கூப்பிட்டேன்.

அம்மா அடுப்புல பாலை வச்சிட்டு, சந்தனக் கிண்ணத்தோட பின்னாடியே வந்துச்சு. பொட்டு வைக்கத் தோதா கதவைச் சாத்துச்சு. நான் தடுக்குறதுக்குள்ள நம்பர் மேலயே மூணு பொட்டு.

“அம்மா, அது தொட்டா வேலை செய்யிற கண்ணாடி!”

“இருக்கட்டும்டா. டிராக்டருக்கே வச்சோம், இதுக்கு வைக்காம விடுறதா?”

ஈரச் சந்தனத்தைத் துடைக்கத் துடைக்க, யாரோ நம்பர் அமுக்குறதா லாக் எடுத்துக்கிச்சு. அஞ்சு தடவை தப்பானதும் சிவப்பு விளக்கு. இனி அஞ்சு நிமிஷத்துக்கு எதையும் ஏத்துக்காது.

அவசரச் சாவி? உள்ள, பீரோ மேல. வச்சது நான்தான்.

“ஏலே, பால் பொங்கிரும்டா!” இது அம்மா.

“திருடன் வர மாட்டான். நாமளும் போக முடியாது” இது அப்பா.

அப்ப உள்ள இருந்து கதவு திறந்துச்சு. பக்கத்து வீட்டு அத்தை.

“மோர் வாங்க வந்தேன். பால் பொங்கப் பாத்துச்சு, அணைச்சிட்டேன். மூணு பேரும் ஏன் வெளியே நிக்கிறீக?”

“நீங்க எப்படி உள்ள வந்தீக?”

“எப்பவும் போலப் பின்வாசல் வழியாத்தான்.”

லாக்கை ரீசெட் பண்ணி, புது நம்பர் போட்டாச்சு.

எங்க ஊரு காமயகவுண்டன்பட்டியில பகல்ல பின்கதவைப் பூட்டுற வீடு ஒண்ணாவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. போட்டோ வேணும். வாய்வார்த்தையை நம்ப மாட்டேன்.