கடைசி வரிசையில் மேனேஜர்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி ஷெட்டில் நடந்த ஆயுதபூஜைக்கு, முப்பது வருடமாக மேடையில் ஜோக் சொல்லிவரும் ஒருவரை அழைத்திருந்தோம். ஒல்லியான உடம்பு, சிரிக்காத முகம். ஒவ்வொரு ஜோக்குக்குப் பிறகும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

ஆரம்பிக்கும் முன் என்னிடம் வந்தார்.

“மேனேஜர் சேரை கடைசில போடுங்க சார். முன்னாடி குந்திக்கினு இருந்தா, அவரு சிரிக்கிறாரான்னு பாத்துட்டுதான் எல்லாரும் சிரிப்பாங்க.”

போட்டோம். முதல் ஜோக் முடிந்ததும் மொத்த ஷெட்டும் பின்னால் திரும்பிப் பார்த்தது.

அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மைக்கோடு இறங்கிப்போய் மேனேஜர் பக்கத்தில் நின்று அடுத்த ஜோக்கைச் சொன்னார். மேனேஜர் சிரித்தார். ஷெட் அதிர்ந்தது.

கிளம்பும்போது, “நல்லா சிரிச்சேன்” என்றேன்.

“பாத்தேன் சார். மேனேஜரு சிரிச்சதும் மொத ஆளா சிரிச்சது நீங்கதான்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேனேஜர் பக்கத்தில் இல்லை. சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.