மழைச் சத்தம்

எழுதிக்கொண்டிருந்த கதையில் சண்டையிடும் இரு பக்கமும் நியாயம் இருந்ததால், அதை முடிக்கத் தெரியாமல் கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரையில் மழை விழுந்ததும் நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் நினைவுக்கு வந்தன. அங்கே வீடுகளுக்கு இடையிலான சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டுப் பேச்செல்லாம் காதில் விழும். கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

பக்கத்து வீட்டு மல்லிகா, விரும்பியவனோடு போகப்போவதாகத் தோழியிடம் சொன்னது அம்மாவின் காதில் அப்படித்தான் விழுந்தது. மறுநாள் மகளைக் காணாமல் அவள் தாய் ஓடிவந்தார்.

"அக்கா, ஏதாச்சும் காதுல விழுந்துச்சா?"

"மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல புள்ள."

அவர் போனதும் அப்பா கேட்டார்: "பெத்தவ தவிக்கிறா. சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அந்தப் புள்ளைய அவ அப்பன் வெட்டிப் போட்டுருவான். வேணும்னா நீங்க போய்ச் சொல்லுங்க."

அப்பா போகவில்லை. தன் ரொட்டியைப் பிட்டு அம்மாவிடம் பாதியை நீட்டினார்.

மழை பெய்த நாளெல்லாம் இருவரும் இதையே பேசினார்கள். யார் சரி என்று எனக்கு இன்றும் தெரியாது. என் கதையையும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவர் ரொட்டியைப் பிட்டு மற்றவருக்கு நீட்டுவதோடு நிறுத்திவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.